டெர்மினலில் பகிர்வு ஃபோல்டர்: எஸ்எம்பியா, என்எஃப்எஸ்ஸா, எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ஸா?

சர்வரிலோ நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இருக்கும் ஒரு ஃபோல்டரை லினக்ஸ் கணினியில் மவுண்ட் செய்ய, அதாவது உள்ளூர் ஃபோல்டர் போல இணைக்க, ஒரே வரி போதும். அந்த வரியை எஸ்எம்பி, என்எஃப்எஸ், எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் என்ற மூன்று கோப்புப் பகிர்வு முறைகளில் எதை வைத்தும் எழுதலாம். முதல் நாள் மூன்றிலும் ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கும், கோப்புகள் காப்பி ஆகும். வித்தியாசம் பிறகுதான் தெரியவரும்: அதே கணினியில் இரண்டாவது ஆள் லாகின் செய்யும்போது, சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது, லேப்டாப்பை மூடித் திறக்கும்போது.

எது வேகம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஜிகாபிட் நெட்வொர்க்கில் பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி செய்தால், டிஸ்க் ஈடுகொடுக்கும் வரை, எஸ்எம்பியும் என்எஃப்எஸ்ஸும் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் வந்து நின்றுவிடும். அங்கே தடை கேபிள்தான். ஆகவே வேகத்தை வைத்து முடிவெடுப்பது பெரும்பாலும் வீண். சர்வர் யாரை நம்பிக் கதவைத் திறக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பின்னால் வரும் தலைவலிகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை யார் மேல்

எஸ்எம்பி ஒரு பயனரை நம்புகிறது. மவுண்ட் செய்யும்போது கொடுக்கும் பெயர், பாஸ்வேர்டு எதுவோ, அந்தக் கணக்கின் உரிமையில்தான் எல்லாமே நடக்கும். உங்கள் கணினியில் யார் அந்த ஃபோல்டரைத் திறந்தாலும் சர்வரின் கண்ணுக்கு அது அந்த ஒரே ஆள்தான்.

என்எஃப்எஸ் இயல்பான அமைப்பில் கணினியை நம்புகிறது. பாஸ்வேர்டு கிடையாது. இந்த ஐபி முகவரியிலிருந்து வந்தால் அனுமதி, அவ்வளவுதான். அந்தக் கணினி "இதைக் கேட்பவரின் யூசர் எண் 1000" என்று சொன்னால் சர்வர் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. உங்கள் லேப்டாப்பில் நீங்கள் 1000, சர்வரில் 1000 வேறொருவர் என்றால், அவருடைய கோப்புகள் உங்களுக்குச் சொந்தமானவையாகத் தெரியும், எழுதவும் முடியும். ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு இயல்பாகவே இருக்கிறது, ஆனால் அது ரூட்டை (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு) மட்டும்தான் அடையாளமற்ற பயனராக மாற்றும். கிளையன்ட் கணினியில் ரூட் உரிமை உள்ளவர் வேறு எந்த எண்ணுக்கும் மாறிக்கொண்டு உள்ளே நுழையலாம். கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறையைச் சேர்த்தால் இது தீரும். அதை நிறுவிப் பராமரிக்க ஆளும் நேரமும் இருந்தால்தான் அந்த வழி.

எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் நம்புவது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் பாதுகாப்பாக லாகின் செய்யும் முறை) கணக்கை. சர்வரில் லாகின் செய்யும் உரிமை இருந்தால் போதும், சர்வர் பக்கம் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம்.

இதை வைத்தே பாதித் தேர்வு முடிந்துவிடும். பலர் பயன்படுத்தும் கணினிகள், விண்டோஸும் மேக்கும் கலந்த இடம், வீட்டு நாஸ் என்றால் எஸ்எம்பி. எல்லாக் கணினிகளும் ஒரே நிர்வாகியின் கையில், எல்லாமே லினக்ஸ், யூசர் எண்கள் எங்கும் ஒன்றாக இருக்கின்றன என்றால் என்எஃப்எஸ். இன்டர்நெட் வழியாகவோ, ஒரு வாரத்துக்கு மட்டுமோ வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்.

எஸ்எம்பி: பெரும்பாலானோருக்கு இதுதான் சரி

லினக்ஸில் இதன் ஃபைல்சிஸ்டம் வகையின் பெயர் சிஃப்ஸ். முதலில் சிஃப்ஸ்-யூடில்ஸ் பேக்கேஜை நிறுவ வேண்டும். அது இல்லாமல் கட்டளையை ஓட்டினால், தவறான ஃபைல்சிஸ்டம் வகை, மோசமான சூப்பர்பிளாக், உதவி நிரல் இல்லை என்று ஒரு நீண்ட பிழை வரும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பேக்கேஜ் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

கட்டளையின் உருவம் இது:

சூடோ மவுண்ட் -டி சிஃப்ஸ் //192.168.1.20/ஆஃபீஸ் /எம்என்டி/ஆஃபீஸ் -ஓ கிரெடென்ஷியல்ஸ்=/ஈடிசி/எஸ்எம்பி-லாகின்,யுஐடி=1000,ஜிஐடி=1000,ஃபைல்_மோட்=0644,டிர்_மோட்=0755

பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதுவது கெட்ட பழக்கம். அது ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். போதாக்குறைக்கு, பாஸ்வேர்டில் காற்புள்ளி இருந்தால் கட்டளை அந்த இடத்தில் துண்டாகி அடுத்த ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு சரியாகவே இருந்தும் உள்ளே விடாததற்கு இது ஒரு காரணம். தனிக் கோப்பில் யூசர்நேம், பாஸ்வேர்டு, தேவைப்பட்டால் டொமைன் என்று வரிக்கு ஒன்றாக எழுதி, சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாமல் வைத்து, உரிமையை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கிவிடுங்கள்.

யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டையும் விட்டுவிட்டால் எல்லாக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும். படிக்கலாம், எழுத முடியாது. உடனே பலர் எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் சிஹெச்மோட் 777 போட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலான எஸ்எம்பி மவுண்ட்களில் அதனால் எதுவும் மாறாது, ஏனென்றால் அங்கே தெரியும் உரிமை எண்கள் உங்கள் கணினி காட்டும் முகப்பு மட்டுமே. உண்மையான அனுமதி சர்வர் கணக்கில் இருக்கிறது. ஃபைல் மோடைக் குறிப்பிடாவிட்டால் எல்லாக் கோப்பும் 0755 ஆக, அதாவது இயக்கக்கூடிய நிரல்களாகத் தெரியும். கிட் (கோப்பு மாற்றங்களைப் பதியும் கருவி) ரெப்பாசிட்டரியை அதில் வைத்திருந்தால் தொடாத கோப்புகளும் மாற்றப்பட்டதாகப் பட்டியலில் வருவது இதனால்தான்.

எஸ்எம்பியில் பிழை எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். எண் 13 வந்தால் அனுமதி மறுப்பு, ஆனால் அதற்குள்ளேயே இரண்டு வகை இருக்கிறது. கணினி உள்ளே பதியும் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே "லாகான் ஃபெயிலியர்" என்றிருந்தால் பெயரோ பாஸ்வேர்டோ டொமைனோ தவறு. "ஆக்சஸ் டினைடு" என்றிருந்தால் பாஸ்வேர்டு சரி, அந்தப் பகிர்வுக்கு அந்தக் கணக்குக்கு உரிமை இல்லை. லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வு வழங்கும் சாம்பா சர்வரில் முதல் வகை அடிக்கடி வரும். லினக்ஸ் கணக்கு உருவாக்கியவுடன் சாம்பாவுக்கும் அது தெரிந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். தெரியாது. எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையால் அங்கே தனியாகச் சேர்க்க வேண்டும்.

எண் 2 என்றால் பகிர்வின் பெயர் தவறு. சர்வரில் இருக்கும் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்திருப்பீர்கள், பகிர்வுக்கு வைத்த பெயரைக் கொடுத்திருக்க மாட்டீர்கள். எண் 115 என்றால் 445ஆம் போர்ட்டில் பதிலே வரவில்லை, ஃபயர்வாலைப் பாருங்கள். எண் 111 என்றால் கணினி இருக்கிறது, சேவை ஓடவில்லை.

எண் 112 சற்று விஷமமானது. "ஹோஸ்ட் டவுன்" என்று சொல்லும், பிங் செய்தால் சர்வர் உயிரோடு பதில் சொல்லும். பெரும்பாலும் இது பதிப்புத் தகராறு. லினக்ஸ் கெர்னல் 2017இல் 4.13 பதிப்போடு எஸ்எம்பியின் முதல் பதிப்பை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிட்டது. பழைய நாஸ் பெட்டி அந்த முதல் பதிப்பை மட்டுமே பேசும், எனவே இரண்டும் ஒத்துப்போகாது. வெர்ஸ்=1.0 என்று சேர்த்தால் திறந்துவிடும். ஆனால் அதைச் சேர்க்கும் முன் நாஸின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள், அமைப்புப் பக்கத்தில் இரண்டாம் பதிப்பை இயக்கும் தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். 2017 மே மாதம் பரவிய, பணம் கேட்டு மிரட்டும் நிரலான வன்னாகிரை, விண்டோஸ் அந்த முதல் பதிப்பைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. வேறு வழியே இல்லையென்றால் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும், படிக்க மட்டும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிக்குப் பொருந்தாத வேலைகளும் உண்டு. விண்டோஸ் சர்வரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாகக் கிடையாது. ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதிய கோப்புகள் உள்ள டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) அங்கே பிரித்தால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தை அதில் வைத்தால் "டேட்டாபேஸ் லாக்டு" என்ற பிழை வரலாம். நோபிஆர்எல் ஆப்ஷன் அந்தப் பிழையை நிறுத்தும், காரணம் பூட்டுக் கோரிக்கைகளைச் சர்வருக்கு அனுப்புவதையே அது நிறுத்திவிடுகிறது. அப்புறம் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதினால் தரவுத்தளம் உடையும். தரவுத்தளத்தை உள்ளூர் டிஸ்க்கில் வையுங்கள்.

என்எஃப்எஸ்: லினக்ஸுக்குள் இதுதான் இயல்பு

உண்மையான உரிமை எண்கள், சிம்பாலிக் லிங்க், எழுத்து வேறுபாடு எல்லாம் உள்ளூர் டிஸ்க்கில் போலவே வேலை செய்யும். கணினிக் குழுமங்களில் ஹோம் ஃபோல்டரைப் பகிர இதைத்தான் வைக்கிறார்கள்.

நான்காம் பதிப்பையே பயன்படுத்துங்கள். அதற்கு 2049 என்ற ஒரே போர்ட் போதும். 1995இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு 111ஆம் போர்ட்டும், மவுண்ட், பூட்டு வேலைகளுக்கென்று மாறிக்கொண்டே இருக்கும் வேறு போர்ட்களும் வேண்டும். ஃபயர்வால் வைத்த இடத்தில் அது தீராத தொல்லை. நான்காம் பதிப்பு மட்டும் ஓடும் சர்வரில் ஷோமவுண்ட் கட்டளை பதில் தராமல் போகலாம். சர்வர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல் நேரடியாக மவுண்ட் செய்து பாருங்கள்.

சர்வர் பக்கம் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்: ஃபோல்டரின் பாதை, பிறகு யாருக்கு அனுமதி, அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஆப்ஷன்கள். இங்கே ஒரு இடைவெளி பெரிய ஆபத்து. 192.168.1.30 என்ற முகவரியை ஒட்டியே அடைப்புக்குறி தொடங்கினால், படிக்க எழுத அனுமதி அந்தக் கணினிக்கு மட்டும். முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் பொருள் தலைகீழாகும்: அந்தக் கணினிக்கு வெறும் இயல்பு அனுமதி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுதும் அனுமதி உலகத்தில் யார் கேட்டாலும் அவர்களுக்கு. கண்ணுக்கு இரண்டு வரிகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கொடுத்து, பிறகு -வி கொடுத்துப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். எல்லோருக்கும் திறந்திருந்தால் அந்தப் பட்டியலில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அதே கோப்பில் ஏசிங்க் என்ற ஆப்ஷனை வேகத்துக்காகப் பலர் சேர்க்கிறார்கள். வேகம் கூடும் என்பது உண்மை. டிஸ்க்கில் எழுதும் முன்பே "எழுதிவிட்டேன்" என்று சர்வர் பொய் சொல்வதால் வரும் வேகம் அது. மின்சாரம் போனால், எழுதப்பட்டதாக நிரல் நம்பிய தரவு இருக்காது. திரும்ப உருவாக்க முடிந்த தற்காலிகக் கோப்புகளுக்கு வேண்டுமானால் சரி.

கோப்புகளின் உரிமையாளர் எல்லாம் "நோபடி" என்று தெரிந்தால், இரு பக்கமும், பயனர் பெயரையும் எண்ணையும் பொருத்தும் ஐடிமேப் அமைப்பில் டொமைன் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டாக உருவாக்கிய கோப்பு மட்டும் அப்படித் தெரிந்தால் அது ரூட் ஸ்குவாஷ் தன் வேலையைச் செய்கிறது. அதை நிறுத்த வேண்டாம்.

சர்வர் திடீரென்று காணாமல் போனால் என்ன ஆகும் என்பதில்தான் என்எஃப்எஸ்ஸும் எஸ்எம்பியும் வெகுதூரம் விலகுகின்றன. என்எஃப்எஸ் இயல்பாக ஹார்டு மவுண்ட். சர்வர் திரும்பும் வரை நிரல் அப்படியே நின்று காத்திருக்கும், திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நீண்ட கணக்கீடுகளுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அந்த நேரத்தில் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் அதுவும் உறைந்து நிற்கும். சாஃப்ட் என்று மாற்றினால் சிறிது நேரம் முயன்று பிழையைத் திருப்பிவிடும். பிழையைச் சரிபார்க்காத நிரல் பாதி எழுதிய கோப்போடு முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். எழுதும் மவுண்ட் என்றால் ஹார்டாகவே விடுங்கள், படிக்க மட்டும் என்றால் சாஃப்ட் பரவாயில்லை. காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் டைமோ ஆப்ஷனின் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பதையும் மறக்க வேண்டாம்: 600 என்றால் 60 நொடி, 30 என்றால் 3 நொடிதான். எஸ்எம்பி மவுண்ட் இயல்பிலேயே சாஃப்ட், சர்வர் போனால் சற்றுப் பொறுத்து பிழை தந்து விலகிவிடும்.

இயல்பான என்எஃப்எஸ்ஸில் என்கிரிப்ஷன் இல்லை. தரவு திறந்த நிலையில் கேபிளில் ஓடும். எஸ்எம்பியில் மூன்றாம் பதிப்பிலிருந்து சீல் ஆப்ஷன் கொடுத்து என்கிரிப்ட் செய்யலாம். இரண்டையும் இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறக்கவே கூடாது, விபிஎன் உள்ளே மட்டும்.

எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்: தற்காலிக வேலைக்கு

எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் பயனர்@சர்வர்:/பாதை உள்ளூர்-ஃபோல்டர் என்று எழுதினால் முடிந்தது. ரூட் உரிமை வேண்டாம், 22ஆம் போர்ட் திறந்திருந்தால் போதும், முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருக்கும். சர்வரில் உள்ள கான்ஃபிக் கோப்புகளை உங்கள் எடிட்டரில் திறந்து மாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

ஒவ்வொரு சின்ன வேலைக்கும் சர்வருக்கு ஒரு சுற்றுப் போய்வர வேண்டியிருப்பதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளில் கிட் ஸ்டேட்டஸ், கம்பைல் போன்றவை இதில் தவழும். லேப்டாப் தூங்கி எழுந்தால் இணைப்பு அறுந்து, ஃபோல்டரைத் தொட்ட எல்லாமே உறையும். ரீகனெக்ட், சர்வர்அலைவ்இன்டர்வல்=15, சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ்=3 என்ற மூன்றையும் ஆப்ஷனாகச் சேர்த்தால் 45 நொடியில் இணைப்பு செத்ததைக் கண்டுபிடித்து மீண்டும் இணைக்கும். மீண்டும் இணையும்போது பாஸ்வேர்டு கொடுக்க ஆள் இல்லாததால், பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் கீ வைத்திருக்க வேண்டும். "டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இணைக்கப்படவில்லை" என்று வந்தால் ஃபியூசர்மவுண்ட் -யூ கொடுத்து விடுவித்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். மவுண்ட் செய்தவரைத் தவிர வேறு யாருக்கும், ரூட்டுக்கும்கூட, அந்த ஃபோல்டர் திறக்காது. டாக்கர் (நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் கருவி) உள்ளே அதைக் காட்ட முயன்று தோற்பவர்கள் அலவ்_அதர் ஆப்ஷனையும், அதை அனுமதிக்கும் வரியை, எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் சார்ந்திருக்கும் ஃபியூஸின் கான்ஃபிக் கோப்பிலும் சேர்க்க வேண்டும்.

விண்டோஸ், மேக்

விண்டோஸில் நெட் யூஸ் கட்டளைதான்: டிரைவ் எழுத்து, பகிர்வின் பாதை, பயனர், நிலைத்திருக்க வேண்டுமா என்பது. பிழை 53 என்றால் சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, 67 என்றால் பகிர்வின் பெயர் தவறு, 86 என்றால் பாஸ்வேர்டு தவறு. 1219 வந்தால், அதே சர்வரோடு வேறொரு பயனர் பெயரில் ஏற்கனவே இணைப்பு இருக்கிறது. நெட் யூஸ் மட்டும் கொடுத்துப் பட்டியலைப் பார்த்துப் பழையதை நீக்குங்கள். சாதாரண விண்டோவில் இணைத்த டிரைவ், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த விண்டோவில் தெரியாது, ஏனென்றால் அது வேறு லாகின் செஷன். பின்னணியில் ஓடும் சேவைகளுக்கும் அதே கதிதான், அவற்றுக்கு டிரைவ் எழுத்து வேண்டாம், முழுப் பாதையைக் கொடுங்கள்.

மேக்கில் மவுண்ட்_எஸ்எம்பிஎஃப்எஸ் போதும். பாஸ்வேர்டில் @ இருந்தால் %40 என்று எழுத வேண்டும். மேக்கிலிருந்து லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வருக்கு இணைத்தால் "அனுமதி இல்லை" என்று வரும். 1024க்குக் கீழான போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையைத்தான் லினக்ஸ் சர்வர் ஏற்கும், மேக் மேலே உள்ள போர்ட்டிலிருந்து கேட்கிறது. ரெஸ்வ்போர்ட் ஆப்ஷன் சேர்த்தால் சரியாகிவிடும்.

பூட் ஆகும்போதா, தொடும்போதா

எதைத் தேர்ந்தாலும், கையால் ஒருமுறை மவுண்ட் ஆவதைப் பார்த்த பிறகே, மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் \040 என்று போட வேண்டும். வெறுமனே எழுதிவிட்டு, சர்வர் அணைந்திருக்கும் நாளில் கணினியைத் தொடங்கினால் பூட் நீண்ட நேரம் காத்து நிற்கும். நோஃபெயில் இருந்தால் பூட் தொடரும்.

டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்தான் சிறந்த தேர்வு. பூட்டில் எதுவும் நடக்காது, யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போது மட்டும் இணையும். வைஃபை தாமதமாகக் கிடைத்தாலும் கவலையில்லை. ஐடில்-டைம்அவுட் சேர்த்தால் பயன்படுத்தாதபோது தானே விலகிக்கொள்ளும். எழுதியதும் சிஸ்டம்சிடிஎல் டெமான்-ரீலோடு கொடுக்க மறந்தால் பழைய அமைப்பே ஓடிக்கொண்டிருக்கும். எந்நேரமும் ஓடும் சர்வர்களுக்கிடையே என்றால் ஆட்டோமவுண்ட் தேவையில்லை, _நெட்டெவ் (நெட்வொர்க் வந்த பிறகே மவுண்ட்), நோஃபெயில் இரண்டும் போதும்.

பேக்கப் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மவுண்ட் ஆகாத நாளில் /எம்என்டி/பேக்கப் என்பது உங்கள் கணினியிலேயே உள்ள வெறும் ஃபோல்டர். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் அதிலேயே எழுதித் தள்ளும், பிழை வராது, உள்ளூர் டிஸ்க் நிரம்பும். பின்னர் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் மறைந்துவிடும், இடம் மட்டும் திரும்பாது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயின்ட் -கியூ கொண்டு சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள். அதோடு, மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்குச் சிஹெச்ஏடிடிஆர் +ஐ கொடுத்துவிட்டால் ரூட்டால்கூட அதற்குள் புதிய கோப்பு உருவாக்க முடியாது, மவுண்ட் மட்டும் வழக்கம்போல நடக்கும். மவுண்ட் ஆகியிருக்கும்போது கொடுத்தால் கட்டளை அடியிலுள்ள ஃபோல்டருக்குப் போய்ச் சேராது. சாதாரணப் பயனராக எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் மவுண்ட் செய்யும் ஃபோல்டருக்கு இந்தப் பூட்டைப் போட வேண்டாம்: மவுண்ட் செய்பவருக்கு அந்தக் காலி ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்கிறதா என்று ஃபியூசர்மவுண்ட் பார்க்கும், பூட்டியிருந்தால் மறுத்துவிடும். அங்கே ஸ்கிரிப்ட் சோதனையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.